இங்கிலாந்துக் கிராமத்தில் குடியேறுவது எப்படி: முதல் ஓராண்டுக்கான முழு வழிகாட்டி

இங்கிலாந்துக்கு வரும் தமிழர்கள் எல்லோரும் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ லெஸ்டரிலோ தங்கிவிடுவதில்லை. முதியோர் இல்லத்திலும், மாவட்டம் போன்ற கவுண்டியின் ஆஸ்பத்திரியிலும், ஜி.பி. சர்ஜரி எனப்படும் கிராமத்துக் குடும்ப மருத்துவர் கிளினிக்கிலும் வேலை கிடைத்து வருபவர்கள் பலர், நேராக ஒரு சின்ன ஊரில்தான் வந்து இறங்குகிறார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களில் சிலர் குழந்தைகளுக்காகத் தாங்களே கிராமத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நகரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், கிராமத்துக்குப் போகிறவருக்கு யாரும் இல்லை. இது அவர்களுக்காக.

உதாரணத்துக்கு நான் ஹெரிஃபோர்ட்ஷயரை எடுத்துக்கொள்கிறேன். வேல்ஸ் எல்லையை ஒட்டிய கவுண்டி. ஆப்பிள் தோட்டங்கள், மாட்டுப் பண்ணைகள், வை ஆறு, வெப்ளி, பெம்பிரிட்ஜ் போன்ற ஊர்களில் கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக நூற்றாண்டுகள் தாண்டி நிற்கும் வீடுகள். விதிகள் பெரும்பாலும் இங்கிலாந்து முழுவதற்கும் பொருந்தும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சில விஷயங்கள் மாறும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் குழாயைத் திறந்தால் வருகிற, ஆப்பைத் தட்டினால் வந்து நிற்கிற பல விஷயங்கள் கிராமத்தில் முன்கூட்டியே கேட்டு ஏற்பாடு செய்தால்தான் கிடைக்கும். வீட்டைச் சூடாக்கும் எண்ணெயும் அப்படித்தான், அக்கம்பக்கத்து உறவும் அப்படித்தான்.

கையெழுத்துப் போடும் முன்

வீட்டைப் பகலில் ஒருமுறை, மழை பெய்யும் மாலையில் ஒருமுறை பாருங்கள். சமையலறையின் நடுவில் நின்று போனில் சிக்னல் வருகிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளின் கல்சுவர் சிக்னலை உள்ளே விடாது. பெரும்பாலான போன்களில் வைஃபை வழியாகவே பேசும் வசதி இருக்கிறது, ஆனால் அதற்கு நல்ல இணையம் வேண்டும். உங்கள் போஸ்ட்கோடைப் போட்டு என்ன வேகம் கிடைக்கும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் தளத்தில் பார்க்கலாம். நொடிக்கு 10 மெகாபிட் வேகமாவது கேட்டுப் பெறும் சட்ட உரிமை 2020 மார்ச் முதல் உண்டு.

அடுத்து வெள்ளம். 2020 பிப்ரவரியில் டென்னிஸ் புயலின்போது ஹெரிஃபோர்டில் வை ஆறு அதுவரை பதிவாகாத உயரத்துக்கு ஏறியது. ஆற்றோர வீடு கோடையில் பார்க்க அழகாக இருக்கும், அதை நம்பிவிடக் கூடாது. என்விரான்மென்ட் ஏஜென்சியின் வெள்ள வரைபடத்தில் அந்த முகவரியைத் தேடுங்கள். குடிவந்த பிறகு வெள்ள எச்சரிக்கை போனுக்கு வரும்படி இலவசமாகப் பதிவுசெய்யலாம்.

வீட்டுக்காரரிடமோ ஏஜென்ட்டிடமோ கேட்க வேண்டியவை: வீடு எதில் சூடாகிறது? கழிவுநீர் எங்கே போகிறது? தண்ணீர் பொதுக்குழாயா, சொந்தக் கிணறா? எரிசக்திச் சான்றிதழில் என்ன கிரேடு? வாடகை வீடு என்றால் குறைந்தது 'ஈ' கிரேடு இருக்க வேண்டும், விலக்குப் பெற்ற வீடுகள் மட்டும் தப்பிக்கும். வாங்குவதாக இருந்தால் இன்னொரு கேள்வி: இது லிஸ்டட் கட்டடமா, அதாவது பாரம்பரியக் கட்டடமாகப் பட்டியலிடப்பட்டதா? அப்படியென்றால் ஜன்னலை மாற்றக்கூட அனுமதி வேண்டும், அனுமதியின்றி மாற்றுவது கிரிமினல் குற்றம். பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்ட கிராமங்களில் தோட்டத்து மரத்தை வெட்டுவதற்கே ஆறு வாரம் முன்னதாக உள்ளாட்சி மன்றமான கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும்.

பஸ் நேர அட்டவணையையும் அன்றே பார்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே இல்லாத ஊர்களும், மாலை ஆறு மணியோடு கடைசி பஸ் போய்விடும் ஊர்களும் ஏராளம்.

சாவி வாங்கிய முதல் வாரம்

வீட்டு வரியான கவுன்சில் டாக்ஸுக்குப் பதிவுசெய்யுங்கள். 1991 ஏப்ரல் 1 அன்று அந்த வீட்டுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்ற கணக்கில் ஏ முதல் எச் வரை பிரித்திருப்பார்கள். வீட்டில் வயதுவந்தவர் ஒருவர் மட்டும்தான் என்றால் 25 சதவீதம் தள்ளுபடி உண்டு, கேட்டால்தான் கொடுப்பார்கள். வழக்கமாகப் பத்துத் தவணை. பன்னிரண்டாகக் கேட்டாலும் பிரித்துத் தருவார்கள். பில்லில் பாரிஷ் கவுன்சிலுக்கென்று ஒரு சின்னத் தொகை தனியாக இருக்கும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வாக்காளர் பட்டியலில் சேருங்கள். இதைப் பலர் தங்களுக்கு இல்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே காமன்வெல்த் நாடுகள். முறையான விசாவில் இங்கே வசிக்கும் அந்த நாட்டுக் குடிமக்கள் நாடாளுமன்றத் தேர்தல் உட்பட எல்லாத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். புதிதாக வந்தவருக்கு வங்கிக் கடன் மதிப்பெண் உயரவும் பட்டியலில் பெயர் இருப்பது உதவும்.

அப்புறம் ஜி.பி. சர்ஜரி. பதிவுசெய்ய விசாவோ முகவரிச் சான்றோ கட்டாயம் இல்லை. உடம்பு சரியில்லாமல் போகும் வரை காத்திருக்காமல் முதல் வாரமே பதிந்துவிடுங்கள். மருந்துக்கடை ஒரு மைலுக்கு மேல் தள்ளி இருக்கும் கிராமங்களில் பல சர்ஜரிகள் தாங்களே மருந்தும் கொடுக்கின்றன, பதியும்போதே கேளுங்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் சீக்கிரம் மருத்துவ உதவி வேண்டும் என்றால் 111, உயிருக்கு ஆபத்து என்றால் 999.

ஆம்புலன்ஸைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். கிராமத்து வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது, பெயர்தான். ஒரே போஸ்ட்கோடு ஒரு மைல் நீளத்துக்கு ஏழெட்டு வீடுகளை மூடியிருக்கும். 'தேவாலயத்தைத் தாண்டி இரண்டாவது இடது திருப்பம், பச்சைக் கேட்' என்பது போல வழியை எழுதி, இடத்தைக் குறிக்க வாட்த்ரீவேர்ட்ஸ் என்ற ஆப் தரும் மூன்று சொற்களையும் சேர்த்து ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் யாருக்கும் வழி சொல்ல வராது. ஊர் நடுவே இருக்கும் பழைய சிவப்பு டெலிபோன் பூத்தையும் எட்டிப் பாருங்கள். பல ஊர்களில் அதற்குள் இப்போது மாரடைப்புக்கு உதவும் டிஃபிப்ரிலேட்டர் இருக்கிறது. 999-ஐ அழைத்தால் பெட்டியைத் திறக்கும் எண்ணைச் சொல்வார்கள்.

குப்பைத் தொட்டியின் நிறங்கள் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். பக்கத்து வீட்டு வாசலில் எந்தத் தொட்டி நிற்கிறது என்று பார்த்து வைப்பதே சுலபமான வழி. உணவுக் கழிவை வாராவாரம் தனியாக எடுக்க வேண்டும் என்பது 2026 மார்ச் 31 முதல் இங்கிலாந்து முழுவதற்குமான விதி, சில கவுன்சில்களுக்கு மட்டும் கூடுதல் அவகாசம் இருக்கிறது.

எண்ணெய், கழிவுத்தொட்டி, அடுப்பு

நகரத்திலிருந்து வருபவர்களுக்குப் புதிதாக இருப்பது இந்த மூன்றும்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குழாய் எரிவாயு பெரும்பாலான கிராமங்களுக்கு வரவில்லை. வீட்டின் பின்புறம் பச்சை நிறத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி நிற்கும். அதில் இருப்பது மண்ணெண்ணெய். பாய்லர் அதில்தான் ஓடுகிறது, அறைச் சூடும் வெந்நீரும் அதிலிருந்துதான். ஒரு வீட்டுத் தொட்டி பொதுவாக ஆயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளும். டேங்கர் லாரி குறைந்தது 500 லிட்டர் என்றால்தான் வரும். தொட்டியின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய கண்ணாடிக்குழாயோ சின்ன மீட்டரோ இருக்கும். வாரம் ஒருமுறை குப்பைத் தொட்டியை வெளியே தள்ளும்போது அதையும் பார்த்துவிடுங்கள்.

கால் தொட்டிக்குக் கீழே இறங்கும் வரை விடக் கூடாது. சுத்தமாகத் தீர்ந்துபோனால் அடியில் தங்கிய கசடும் காற்றும் குழாய்க்குள் போய்விடும். எண்ணெய் வந்த பிறகும் பாய்லர் எரியாது, மெக்கானிக் வந்து காற்றை வெளியேற்ற வேண்டும். டிசம்பரில் கடுங்குளிர் விழுந்ததும் ஊரே ஒரே நாளில் ஆர்டர் போடும், லாரி வர இரண்டு வாரம்கூட ஆகும். செப்டம்பரிலேயே நிரப்பிவிடுவது நல்லது. பல கிராமங்களில் எண்ணெய் கிளப் என்று ஒன்று உண்டு. பத்து இருபது வீடுகள் சேர்ந்து ஒரே நேரத்தில் ஆர்டர் கொடுத்து விலையைக் குறைத்து வாங்குவார்கள். யார் அதை நடத்துகிறார் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். புதிதாக வந்தவர் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல காரணம் கிடையாது. பாய்லரை ஆண்டுக்கு ஒருமுறை, எண்ணெய்ப் பாய்லர் மெக்கானிக்குகளைப் பதிவுசெய்யும் ஆஃப்டெக் அமைப்பில் பதிவுள்ளவரை வைத்துச் சர்வீஸ் செய்யுங்கள்.

கழிவுத்தொட்டிக்கு வருவோம். சாக்கடைக் குழாய் இல்லாத வீட்டில் கழிவு முழுக்கத் தோட்டத்து மண்ணுக்கு அடியில் இருக்கும் செப்டிக் டேங்குக்குப் போகிறது. அதில் உயிரோடு இருக்கும் பாக்டீரியாதான் கழிவைக் கரைக்கிறது. ப்ளீச்சைத் தாராளமாக ஊற்றினால் அது செத்துவிடும். ஈரத் துடைப்பான், நாப்கின் எதுவும் உள்ளே போகக் கூடாது. நம் சமையலுக்கு முக்கியமானது எண்ணெய். அப்பளம் பொரித்த எண்ணெயையோ குழம்புச் சட்டியில் மிதக்கும் எண்ணெயையோ சிங்க்கில் விட்டால், குளிரில் அது கெட்டியாகிக் குழாயை அடைத்துவிடும். சட்டியை முதலில் தாளால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். மீந்த எண்ணெயை ஒரு பாட்டிலில் சேர்த்துக் கவுன்சிலின் குப்பை மையத்தில் கொடுக்கலாம். தொட்டியைப் பொதுவாக ஆண்டுக்கொரு முறை உறிஞ்சி எடுக்க வேண்டும். வீடு வாங்குகிறீர்கள் என்றால் வக்கீலிடம் இதைக் கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள்: தொட்டித் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது? நேரடியாக ஓடையிலோ வாய்க்காலிலோ விடுவது 2020 ஜனவரி முதல் சட்டப்படி கூடாது. மாற்றி அமைக்க ஆயிரக்கணக்கான பவுண்டு செலவாகும், அது உங்கள் தலையில் விழக் கூடாது.

அடுப்பு இரண்டு வகையாக இருக்கலாம். வெளியே 47 கிலோ சிலிண்டர் இரண்டு நிற்கும் வீடு என்றால் நம் கடாய், தோசைக்கல் எல்லாம் வேலை செய்யும். இண்டக்ஷன் அடுப்பு என்றால் அலுமினியக் குக்கரும் ஈயச்சொம்பும் சூடேறாது. காந்தம் ஒட்டும் பாத்திரங்களாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள். மின்சாரம் இங்கே 230 வோல்ட், நம் வெட் கிரைண்டர் பிளக்கை மட்டும் மாற்றினால் ஓடும். மாவு பொங்க வேண்டுமா? சூட்டைப் போடாமல் ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு இரவு முழுக்க வைத்தால் ஜனவரியிலும் பொங்கும்.

பழைய வீடுகளுக்கு ஈரம்தான் எதிரி. இட்லி அவிக்கிற நீராவியும் ரேடியேட்டர் மேல் காயப்போட்ட துணியும் சேர்ந்தால் ஒரே குளிர்காலத்தில் சுவரில் பூஞ்சணம் பிடித்துவிடும். எவ்வளவு குளிர் என்றாலும் சமைக்கும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். விறகு அடுப்பு இருந்தால் புகைக்கூண்டை ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். எரிக்கும் எதுவும் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில் அதைப் பொருத்துவது வீட்டுக்காரரின் கடமை, கேஸ் அடுப்புக்கு மட்டும் அந்த விதி இல்லை.

சாலை

கார் இல்லாமல் கிராமத்தில் வாழ முடியாது என்பதில்லை, ஆனால் மிகவும் கஷ்டம். இந்திய, இலங்கை லைசென்ஸில் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அதை அப்படியே இங்கிலாந்து லைசென்ஸாக மாற்றிக்கொள்ள வழியில்லை. புரொவிஷனல் எனப்படும் பழகுநர் லைசென்ஸ் வாங்கி, தியரி தேர்வும் ஓட்டுநர் தேர்வும் எழுதித்தான் ஆக வேண்டும். தேர்வுத் தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். அதனால் வந்த முதல் மாதமே விண்ணப்பியுங்கள், கணவன் மனைவி இருவருமே. ஒருவர் வேலைக்குக் காரை எடுத்துப் போய்விட, இன்னொருவர் வயல்களுக்கு நடுவே நாள் முழுவதும் அடைந்து கிடப்பது பல தமிழ்க் குடும்பங்களில் நடக்கிறது. நான் பார்த்தவரை குடியேற்றத்தில் மனசை உடைப்பது குளிரைவிட இதுதான்.

லேன் எனப்படும், ஒரு வண்டி மட்டுமே போகும் அகலமுள்ள சாலையில் ஓட்டுவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். இருபுறமும் ஆள் உயரச் செடிவேலி, எதிரே டிராக்டர் வருகிறது. கொஞ்ச தூரத்துக்கு ஒரு இடத்தில் சாலை லேசாக அகன்றிருக்கும். அந்த இடம் உங்கள் இடப்பக்கம் என்றால் அதில் ஒதுங்குங்கள். வலப்பக்கம் என்றால் அதற்கு நேராக உங்கள் பக்கத்திலேயே நின்று எதிரே வருபவரை ஒதுங்க விடுங்கள். யாருக்கு அது அருகில் இருக்கிறதோ அவர் பின்னால் போவது வழக்கம், அதனால் ரிவர்ஸ் எடுப்பதை நன்றாகப் பழகுங்கள். கடந்து போகும்போது ஸ்டியரிங்கிலிருந்து கையைத் தூக்கி நன்றி சொல்லாமல் போகாதீர்கள். அந்த டிராக்டர்காரரைத்தான் நாளைக்குக் கடையில் பார்ப்பீர்கள்.

குதிரை வந்தால் மணிக்கு 10 மைலுக்கு மேல் வேகம் வேண்டாம், இரண்டு மீட்டராவது இடம்விட்டுத் தாண்டுங்கள். வெள்ளை வட்டத்தில் சாய்ந்த கறுப்புக் கோடு போட்ட பலகைக்குச் சாதாரணச் சாலையில் 60 மைல் வரை என்று பொருள். வளைவு நிறைந்த லேனில் அந்த வேகத்தில் போவது தற்கொலைக்குச் சமம். உள்ளூர்க்காரர் பின்னால் நெருக்கினாலும் உங்கள் வேகத்திலேயே போங்கள், அகலமான இடம் வந்ததும் வழிவிடுங்கள்.

பஸ் இருக்கும் ஊர் என்றால் பயன்படுத்துங்கள். 2025 ஜனவரி முதல் இங்கிலாந்தில் பெரும்பாலான பஸ்களில் ஒருவழிக் கட்டணம் மூன்று பவுண்டைத் தாண்டாது. ஆள் ஏறவில்லை என்றால் சேவையையே நிறுத்திவிடுகிறார்கள்.

ஊரில் ஓர் ஆளாக

நம் ஊரில் புதிதாகக் குடிவந்தால் அக்கம்பக்கத்தார் தாங்களே வந்து எட்டிப்பார்ப்பார்கள். இங்கே சிலர் வாழ்த்து அட்டை போட்டுவிட்டுப் போவார்கள். பலர், புதிதாக வந்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒதுங்கியே இருப்பார்கள். அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு பக்கத்து வீட்டுக் கதவையும் நீங்களே தட்டுங்கள். பெயர், எங்கே வேலை, எத்தனை குழந்தைகள், அவ்வளவு போதும். வாசலிலேயே நிற்கவைத்துப் பேசுவார்கள், அது இங்கே மரியாதைக் குறைவு இல்லை. பெயரைச் சாம் என்றும் டாம் என்றும் சுருக்கிக்கொள்ளாதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. செந்தில் என்றோ கயல்விழி என்றோ நிதானமாகச் சொல்லுங்கள். மூன்றாம் முறை சரியாகவே சொல்லிவிடுவார்கள்.

அதன் பிறகு வேண்டியது ஒன்றே: ஏதாவது ஓர் இடத்துக்கு வாராவாரம் தவறாமல் போவது. எல்லாவற்றிலும் ஒருமுறை தலைகாட்டுவதைவிட ஒன்றில் முப்பது முறை போவது பலன் தரும். குழந்தை இருந்தால் வில்லேஜ் ஹாலில் நடை பழகும் குழந்தைகளுக்காக நடக்கும் டாட்லர் குரூப். பெண்களுக்கு விமன்ஸ் இன்ஸ்டிடியூட், 1915-லிருந்து பிரிட்டனில் இருக்கும் அமைப்பு, எந்த மதத்தினரும் சேரலாம். பாட வருமென்றால் ஊர் பாடகர் குழு. யாரும் யோசிக்காத ஒன்று, சர்ச் மணி அடிக்கும் குழு. பெரும்பாலும் ஆள் போதாமல் தவிப்பார்கள், சும்மாவே கற்றுத்தருவார்கள், கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. ஆறு பேர் ஆறு கயிற்றைப் பிடித்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து எண்ணிக்கை பிசகாமல் இழுக்கும்போது, ஆங்கிலம் தடுமாறுவது யாருக்கும் தெரியாது.

பப்பைப் பார்த்துப் பயப்படவோ ஒதுங்கவோ வேண்டாம். அது ஊர்ச் சாவடி மாதிரி. மது குடிக்காதவர் லைம் சோடா வாங்கிக்கொண்டு உட்காரலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மேசைக்கு வந்து கேட்பார்கள் என்று காத்திருக்காமல் கவுண்டருக்குப் போய் வாங்க வேண்டும். கூட்டமாக உட்கார்ந்தால் ஆளுக்கொரு சுற்று எல்லோருக்குமாக வாங்குவது வழக்கம். உங்களுக்கு ஒருவர் வாங்கிக் கொடுத்திருந்தால் அடுத்த சுற்று உங்களுடையது.

பாரிஷ் கவுன்சில் என்று முன்னால் சொன்னேன் அல்லவா? 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த, ஆட்சியின் கடைசிப் படி. விளையாட்டு மைதானம், பஸ் நிழற்குடை, சில ஊர்களில் அலாட்மென்ட் எனப்படும், வாடகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிடும் தோட்டம், இடுகாடு எல்லாம் அதன் கையில். வீடு கட்ட அனுமதி கொடுப்பது அதன் வேலையில்லை, கருத்து மட்டும் சொல்லும். கூட்ட அறிவிப்பு ஊர்ப் பலகையில் ஒட்டியிருக்கும், யாரும் போய் உட்காரலாம். வழக்கமாகப் பொதுமக்கள் பேசுவதற்கென்று சில நிமிடங்கள் ஒதுக்குவார்கள். வேகமாகப் போகும் கார், நாய் அசிங்கம், வெட்டாத வேலி என்றுதான் பேச்சு இருக்கும். ஆனால் யார் எதை நடத்துகிறார், யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது ஒரே கூட்டத்தில் பிடிபட்டுவிடும். மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் இடையே நடக்கும் வருடாந்தர ஊர்க்கூட்டத்தில் வாக்காளர் பட்டியலில் இருக்கும் எவரும் எழுந்து பேசலாம்.

அலாட்மென்ட் நிலத்துக்கு உடனே பெயர் கொடுங்கள், வரிசை நீளமாக இருக்கலாம். முழு அளவு 250 சதுர மீட்டர், புதியவருக்குப் பாதிகூடப் போதும். கொத்தமல்லி, வெந்தயக்கீரை, பூசணி, அவரை வகைகள் கோடையில் நன்றாக வரும்.

கோடையில் ஊர்த் திருவிழா நடக்கும். கேக் கடைக்கு ஏதாவது செய்து தரக் கேட்பார்கள். மெதுவடை செய்து கொடுங்கள், நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆனால் ஒரு சீட்டில் என்ன சேர்த்தீர்கள் என்று எழுதி வையுங்கள். இங்கே சட்டம் பட்டியலிட்டிருக்கும் 14 அலர்ஜிப் பொருட்களில் கடுகும் எள்ளும் உண்டு. வேர்க்கடலை, முந்திரி, பால், கோதுமையும் உண்டு. உளுந்து வடையில் கோதுமை ஏது என்று தோன்றும், பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதுவே போதும், படுத்துவிடுவார்.

நவம்பர் இரண்டாம் ஞாயிறு போர் நினைவுநாள். காலை 11 மணிக்கு ஊர் முழுக்க நினைவுத்தூண் முன் கூடி இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கும். போய் நில்லுங்கள். முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து போனார்கள், அந்த மௌனத்தில் நமக்கும் பங்கு இருக்கிறது. ஜனவரியில் ஹெரிஃபோர்ட்ஷயரின் சில ஊர்களில் தீப்பந்தத்தோடு ஆப்பிள் தோட்டத்துக்குப் போய் மரங்களுக்குப் பாட்டுப் பாடும் வாஸெயில் நடக்கும். விட்டுவிடாதீர்கள்.

நிறத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஊரிலேயே வெள்ளையர் அல்லாத ஒரே குடும்பமாக நீங்கள் இருக்கலாம். 'எந்த ஊர்?' என்ற கேள்வி ஓயாமல் வரும். பெரும்பாலும் அது ஆவல், பதில் சொன்னால் பேச்சு தொடரும். வெறுப்பாக யாராவது பேசினாலோ நடந்தாலோ தேதி, நேரம் குறித்துவைத்து 101-இல் போலீஸிடம் சொல்லுங்கள், ஆபத்து என்றால் 999. புதிதாக வந்தவர்கள்தானே என்று பொறுத்துப்போக வேண்டியதில்லை.

நம் ஆட்களும் வேண்டும்தான். ஹெரிஃபோர்டிலிருந்து பர்மிங்காமுக்கு நேரடி ரயில் இருக்கிறது. அதன் அருகே டிவிடேலில் 2006-இல் திறந்த பாலாஜி கோவில் இருக்கிறது. மாதம் ஒருமுறை போய்வந்தால் அரிசி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் வாங்கியதாகவும் இருக்கும். கறிவேப்பிலையை உருவிக் கழுவி உலர்த்தி ஃப்ரீசரில் வையுங்கள்.

வயல் வழி நடை

இங்கிலாந்துக் கிராமத்தின் பெரிய சொத்து அதன் நடைபாதைகள். தனியார் வயலுக்கு நடுவே போனாலும் நடப்பது உங்கள் உரிமை. மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு, நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் இவை பச்சைக் கோடுகளாக இருக்கும். பாதையை விட்டு விலகாதீர்கள். கேட் திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியும் விட்டுச் செல்லுங்கள்.

மாடு விஷயத்தில் நம் அனுபவம் இங்கே உதவாது. நம் ஊர் மாடு மனிதரோடு சந்தையிலும் தெருவிலும் பழகியது. இங்கே வயலில் மந்தையாக நிற்பவை ஆளைப் பார்த்தால் கூட்டமாக நெருங்கி வரும். கன்றோடு நிற்கும் பசுக்களுக்கு இடையே ஒருபோதும் போகாதீர்கள். ஓடாமல், நிதானமாக ஓரமாகச் சுற்றிப் போங்கள். கையில் நாய் இருந்து மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள், நாய் தப்பித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் காலிலும் இடுப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், லைம் நோய் அதனால் பரவுகிறது.

எரு நாற்றம், அறுவடைக் காலத்தில் நள்ளிரவு வரை ஓடும் இயந்திரம், சேவல், சர்ச் மணி இவற்றுக்குப் புகார் கொடுத்தவர் என்ற பெயர் வந்தால் அது லேசில் போகாது.

முதல் குளிர்காலம்

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். பல கிராமங்களில் தெருவிளக்கு கிடையாது. நல்ல டார்ச்சும், ஒளியில் மின்னும் மேல்சட்டையும் வீட்டில் எல்லோருக்கும் வேண்டும். நம் தோலுக்கு இந்த வெயில் போதாது. தெற்காசியர்கள் ஆண்டு முழுவதும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுப்பதைப் பற்றி யோசிக்கும்படி அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். சொல்கிறது. மழை இல்லாத நாளில் மதியம் அரைமணி நேரமாவது வெளியே போய்விடுங்கள், மனசுக்கு அது மருந்து.

புயலில் மின்சாரம் போனால் 105-ஐ அழையுங்கள், இலவசம். புதிய டிஜிட்டல் லேண்ட்லைன் மின்சாரம் போனால் வேலை செய்யாது, அதனால் பவர் பேங்கைச் சார்ஜில் வையுங்கள். கைக்குழந்தை, முதியவர், மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவி இருக்கும் வீடுகள் மின் விநியோக நிறுவனத்தின் முன்னுரிமைப் பட்டியலில் இலவசமாகச் சேரலாம். சாலையோர மஞ்சள் பெட்டியில் இருக்கும் உப்பு பொதுச் சாலைக்கு, உங்கள் வாசலுக்கு ஒரு மூட்டை தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

குழந்தைகளின் பள்ளிக்கான தேதிகளும் இந்தக் குளிர்காலத்தில்தான் வருகின்றன: உயர்நிலைப் பள்ளிக்கு அக்டோபர் 31, தொடக்கப் பள்ளிக்கு ஜனவரி 15. நான்கு வயது முடிந்ததும் வரும் செப்டம்பரில் ரிசப்ஷன் வகுப்பு தொடங்கும். பொருத்தமான மிக அருகிலுள்ள பள்ளி, எட்டு வயதுக்குக் கீழ் என்றால் இரண்டு மைலுக்கு மேலும், அதற்கு மேற்பட்டவர்களுக்கு மூன்று மைலுக்கு மேலும் தள்ளி இருந்தால் கவுன்சில் இலவசப் போக்குவரத்து தர வேண்டும். தூரம் குறைவாக இருந்தும் நடந்துபோகப் பாதுகாப்பான வழி இல்லை என்றாலும் கேட்கலாம்.

ஊருக்குப் போகும்போது

விமான டிக்கெட் போட்டதும் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். பல பாலிசிகளில் 30 நாளுக்கு மேல் வீடு பூட்டிக் கிடந்தால் பாதுகாப்பு குறைந்துவிடும். குளிர்காலம் என்றால் ஹீட்டிங்கை முழுக்க அணைக்காமல் குறைந்த சூட்டில் விட்டுப் போங்கள், இல்லாவிட்டால் குழாயில் தண்ணீர் உறைந்து வெடிக்கும். தண்ணீரை அடைக்கும் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துக் காட்டுங்கள். ஒரு சாவியும் உங்கள் வாட்ஸ்அப் எண்ணும் அவரிடம் இருக்கட்டும். எண்ணெய்த் தொட்டியை ஒருமுறை எட்டிப்பார்க்கவும், வாசலில் நின்றுபோன குப்பைத் தொட்டியை உள்ளே தள்ளவும் தயங்காமல் கேளுங்கள். அவர் போகும்போது அவர் கோழிகளுக்குத் தீனி போடும் வேலை உங்களுக்கு வரும்.

திரும்பி வரும்போது அவருக்கு ஏதாவது கொண்டுவர நினைத்தால் பால், இறைச்சி சேர்ந்த எதையும் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கொண்டுவர அனுமதி இல்லை என்பதை நினைவில் வையுங்கள். டீத்தூளோ மிளகோ கடலைமிட்டாயோ கொண்டுவரலாம். கடலைமிட்டாய் என்றால் வீட்டில் யாருக்காவது வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.